தகிட தக

நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி பஸ் நிற்கிறது. பெண்கள் இறங்குகிறார்கள். புர்கா, சுடிதார், சேலை. எல்லார் கழுத்திலும் ஒரே நிற நாடாவில் அடையாள அட்டை. பைக்குள் காலி டிபன் பாக்ஸ்கள் கடகடக்கின்றன. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் காலையிலிருந்து அப்பர் தைத்துவிட்டு வருகிற கூட்டம்.

கடைசியாக இறங்குகிறவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, கைப்பைக்குள் வைக்கிறாள். வலது ஆள்காட்டி விரலில் சொல்யூஷன் காய்ந்து படிந்திருக்கிறது. கட்டைவிரலால் தேய்த்து உருட்டுகிறாள். சின்ன உருண்டையாகத் திரண்டு வருகிறது. சுண்டி எறிகிறாள்.

கூட வந்தவர்கள் பஜார் பக்கம் நடக்கிறார்கள். இவள் நியூடவுன் பக்கம் திரும்புகிறாள்.

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பைக்குகள் என்ஜினை அணைத்துவிட்டு நிற்கின்றன. வெட் ப்ளூ எனும் ஈரத் தோல் ஏற்றிய மினி லாரி ஒன்று முன்வரிசையில். தார்ப்பாய்க்கு வெளியே வெளிர் நீலத் தோலின் ஓரம் தொங்குகிறது. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. இந்த ஊரில் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவர் வெளியூர்க்காரர்.

சரக்கு ரயில் வருகிறது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் இடது கை கைப்பையின் மேல் இருக்கிறது. விரல்கள் அசைகின்றன. மூன்று தட்டு. சின்ன இடம் மாற்றம். இரண்டு தட்டு. மறுபடி மூன்று. மறுபடி இரண்டு. பக்கத்து பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை அந்த விரல்களையே பார்க்கிறது.

கேட் திறக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள்.

மாஸ்டர் வீட்டு வாசலில் ஐந்தாறு ஜோடிச் சின்னச் செருப்புகள். உள்ளே ஒரு பையன் பிறந்தநாள் பாட்டை மூன்றாவது வரியில் தவறவிடுகிறான். திரும்ப ஆரம்பிக்கிறான். அதே இடத்தில் தவறவிடுகிறான். மாஸ்டர் எதுவும் சொல்வதில்லை. பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு. பையன் முதலிலிருந்து தொடங்குகிறான்.

மாஸ்டருக்கு எழுபது தாண்டியிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, கை வைத்த பனியன், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சுவரில் லுத்தரன் சபைக் காலண்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு. அன்றைக்குக் கோயிலில் அவர்தான் கீபோர்டு. மிசௌரி லுத்தரன் மிஷன் அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்தது 1890களில். அதன் ஞானப்பாட்டுப் புத்தகம் ஒன்று அலமாரியில் இருக்கிறது. பக்கத்திலேயே கீர்த்தனைப் புத்தகம். ஒன்றில் ஐரோப்பிய மெட்டு, மற்றதில் கர்நாடக ராகமும் தாளமும். இரண்டையும் ஒரே காலையில் ஒரே கை வாசித்தாக வேண்டும். வாசித்து வாசித்து அவருடைய சுண்டுவிரல்கள் வெளிப்பக்கம் வளைந்துவிட்டன.

பையன் போகிறான். அவன் அம்மா வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபடியே காத்திருக்கிறாள்.

இவள் ஸ்டூலில் உட்காருகிறாள். எதிரே அறுபத்தோரு கட்டைக் கீபோர்டு. பியானோ கிடையாது. டோன் பட்டனை அழுத்தினால் திரையில் பியானோ என்று வருகிறது. மாஸ்டர் அழுத்துகிறார். வருகிறது.

நோட்டுப் புத்தகம் விரிகிறது. பக்கத்தின் தலையில் டேக் ஃபைவ் என்று தமிழில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

இந்தப் பாட்டு அவளிடம் வந்து சேர்ந்த வழி சுற்று வழி. தையல் லைனில் பக்கத்து மெஷின்காரி வீட்டில் உருது பேசுகிறவள். பஸ்ஸிலும் பக்கத்து சீட். ஒருநாள் மாலை ஒரு காதுக்கு ஒரு இயர்போனாகப் பங்கு போட்டு ஒரு வீடியோவைக் காட்டினாள். லாகூர் சச்சல் ஸ்டூடியோஸ் வாத்தியக் குழு. சித்தார், தபலா, வரிசையாக வயலின்கள். நரைத்த தலைகள் நிறைய. லாகூர் சினிமா நொடித்தபோது வேலை இழந்த வாத்தியக்காரர்களைத் தேடிச் சேர்த்த குழு அது. 2011-ல் அவர்கள் வாசித்த டேக் ஃபைவ் உலகம் முழுக்கப் போனது. அந்தப் பாட்டை முதலில் வாசித்த ஜாஸ் குழுவின் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக் அதைக் கேட்டார், மனம் திறந்து பாராட்டினார். அடுத்த ஆண்டு டிசம்பரில், 91 வயதில், இறந்துபோனார்.

சித்தாருக்குப் பின்னால் இருந்த பழைய பாட்டை அவளே தேடிப் பிடித்தாள். 5 நிமிடம் 24 விநாடி. 1959 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி பதிவு செய்தது. பியானோ, சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ். நாலே பேர்.

“இதை எழுதுனது ப்ரூபெக் தானே மாஸ்டர்?”

“இல்லம்மா. சாக்ஸ் வாசிச்சாரே, அவரு.”

பால் டெஸ்மண்ட் என்று அவள் ஓரத்தில் எழுதிக்கொள்கிறாள். குழுவின் டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோவுக்கு ஐந்து தட்டில் தனி வாசிக்க ஆசை. அதற்காக டெஸ்மண்ட் கட்டிய மெட்டு இது. ஜாஸ் அதுவரை பெரும்பாலும் நாலு தட்டுக்குள் நடந்த சங்கீதம். டெஸ்மண்டுக்குக் குழந்தைகள் கிடையாது. 1977-ல் இறக்கும் முன் தன் பாட்டுகளின் உரிமைப் பணத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். பணம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

“ஆரம்பி.”

அவள் இடது கையை வைக்கிறாள். முதல் கார்டு டி, எஃப், ஏ மூன்றும் சேர்ந்தது. மூன்றும் வெள்ளைக் கட்டை. பிறகு ஏ, சி, ஈ. அவையும் வெள்ளை. கீபோர்டின் டிரான்ஸ்போஸ் எண் ஒன்று கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விரல் இரண்டு கட்டையில் வாசிக்கிறது, சத்தம் இரண்டரைக் கட்டையில் வருகிறது. இசைத்தட்டில் இருக்கும் ஈ ஃபிளாட் மைனரும் அதே இரண்டரைக் கட்டைதான். கோயில் கோயிலாக வாசிக்கிற கீபோர்டுக்காரர்களுக்கு இந்தப் பட்டன் உயிர். பாடுகிறவர் சுருதி ஏற்றினாலும் இறக்கினாலும் விரல் பழகிய வெள்ளைக் கட்டையிலேயே நிற்கலாம்.

சுமாராக வருகிறது. அவள் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

மாஸ்டர் எழுந்து வருகிறார். குனிகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டனைத் தேடுகிறார். ஒரு அழுத்து. திரையில் பூஜ்யம்.

“பியானோவுல இந்தப் பட்டன் இல்லம்மா.”

அவள் கட்டைகளைப் பார்க்கிறாள். ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட். மூன்றும் கறுப்பு. சுண்டுவிரல் ஒன்றில், நடுவிரல் ஒன்றில், கட்டைவிரல் ஒன்றில். கறுப்புக் கட்டை ஒடுக்கம். உயரம் வேறு. அதன்மேல் கட்டைவிரல் நிற்க மறுக்கிறது, சறுக்கி வெள்ளையில் விழுகிறது. தப்பான ஒரு சத்தம் கூடத்தைக் கடந்து சமையலறைவரை போகிறது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு நொடி நின்று தொடர்கிறது.

இரண்டாவது கார்டு. கை அப்படியே இடப்பக்கம் இறங்க வேண்டும். பி ஃபிளாட், டி ஃபிளாட், எஃப். இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. இந்த முறை வெள்ளை கட்டைவிரலுக்கு. அது சந்தோஷமாகப் போய் உட்காருகிறது. திரும்பி மேலே வரும்போது மறுபடி சறுக்குகிறது.

மேலே. சறுக்கல். கீழே. மேலே. சறுக்கல். கீழே.

மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பார்க்கிறார். தொடுவதில்லை. தன் மணிக்கட்டைக் காற்றில் ஒரு அங்குலம் உயர்த்திக் காட்டுகிறார், கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டுகிறார். அவளும் உயர்த்தி, உள்ளே தள்ளி வைக்கிறாள். கட்டைவிரல் நிற்கிறது.

கீழே இன்னொரு தகராறு. கீபோர்டுக்கு அடியில் சஸ்டெய்ன் பெடல். அவள் வலது கால் தானாகவே அதன்மேல் போய் அழுந்துகிறது. தையல் மெஷினில் எட்டு மணி நேரமும் அந்தக் கால்தான் மோட்டாரை ஓட்டுகிறது. தையல் ஓடும்வரை மிதி விடாது. இங்கேயும் விடுவதில்லை. முதல் கார்டின் சத்தம் அடங்கும் முன் இரண்டாவது வந்து விழுகிறது. நாலு சுற்றுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மழைக்காலப் பாலாறு மாதிரி கலங்கிப் போகிறது.

மாஸ்டர் குனிந்து பெடலை இழுத்து ஓரமாக வைக்கிறார். அவள் கால் வெறும் தரையில் இருக்கிறது. வாசிக்கும்போது பாதம் அங்கேயும் அழுந்துகிறது. அதைத் தடுக்க யாராலும் முடியாது.

வெளியே மைக் கரகரக்கிறது. இஷா பாங்கு. ஒரு பள்ளிவாசலில் தொடங்கி இன்னொன்றிலும் கேட்கிறது. மாஸ்டர் கை நீண்டு கீபோர்டின் வால்யூமைக் குறைக்கிறது. பேச்சும் இல்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொள்கிறாள். சமையலறையிலிருந்து டீ வருகிறது. இரண்டு டம்ளர். ஆறட்டும் என்று இருவரும் காத்திருக்கிறார்கள். பாங்கு முடிகிறது. டீயும் முடிகிறது. வால்யூம் ஏறுகிறது.

இப்போது தாளம்.

மெட்ரோனோமில் ஐந்து வைத்திருக்கிறார் மாஸ்டர். முதல் தட்டுக்கு மணி, மற்ற நான்குக்கு டக். வேகம் 60. மூன்று தட்டுக்கு முதல் கார்டு, இரண்டு தட்டுக்கு இரண்டாவது. சொல்ல எளிது. கோயில் பாட்டுகள் மூன்றிலும் நாலிலும் போகின்றன. சினிமாப் பாட்டும் பெரும்பாலும் அப்படியே. அவள் கை இரண்டாவது கார்டுக்கும் மூன்று தட்டு எடுத்துக்கொள்கிறது. ஐந்து ஆறாகிறது. மணி முன்னாலேயே அடித்துவிடுகிறது. அவள் துரத்துகிறாள். பிடிப்பதற்குள் அடுத்த மணி.

“எண்ணாதம்மா. சொல்லு. தகிட தக.”

“தகிட தக.”

“கண்ட சாப்புல என்ன வரும்? தக தகிட. ரெண்டு முன்னால, மூணு பின்னால. இவங்க அதைத் திருப்பிப் போட்டுட்டாங்க. தகிட தக.”

அவர் கையை மேஜையில் வைத்துப் போடுகிறார். கீர்த்தனைக்குப் போட்டுப் பழகிய கை. தகிட தக, தகிட தக. அவள் உதடு அசைகிறது. கை இன்னும் சேரவில்லை.

ப்ரூபெக் குழு 1958-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பி உலகம் சுற்றியது. துருக்கி, இந்தியா, இலங்கை. மெட்ராசிலும் வாசித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு வெளியான டைம் அவுட் ஆல்பத்தில் ஒன்பது தட்டு இருக்கிறது, மூன்று இருக்கிறது, இந்த ஐந்து இருக்கிறது. இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது தட்டே தன்னை உசுப்பியது என்று ப்ரூபெக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கரண்ட் போகிறது.

கீபோர்டு ஊமையாகிறது. மெட்ரோனோம் நின்றுவிட்டது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்கிறது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். மாஸ்டர் செல்போன் விளக்கைப் போட்டு மேஜைமேல் கவிழ்த்து வைக்கிறார். வெளிச்சம் விளிம்பில் மட்டும் கசிகிறது.

அவள் கைப்பையைத் திறக்கிறாள். சுருட்டிய ஒரு தோல் துண்டை எடுக்கிறாள். கட்டிங்கில் கழிந்த கறுப்புத் தோல், ஒன்றரை சாண் நீளம். ஸ்டூலிலிருந்து இறங்கி மேஜை ஓரத்தில் விரிக்கிறாள்.

தோலில் கட்டைகள் வரைந்திருக்கின்றன. தையல் கோடு குறிக்கிற சில்வர் பேனாவால் வரைந்தது. கோடு நேர்கோடு. ஒரு ஆக்டேவுக்கு பதினாறரை சென்டிமீட்டர். உண்மையான பியானோவின் அளவு அதுதான். மாஸ்டர் விளக்கைத் திருப்பி அதன் பக்கம் பிடிக்கிறார். கறுப்புத் தோலில் கறுப்புக் கட்டை தெரியாது. அதனால் கறுப்புக் கட்டைகளை வெள்ளியால் நிரப்பியிருக்கிறாள், வெள்ளைக் கட்டைகளை வெறுமனே விட்டிருக்கிறாள். எல்லாம் மாறிக் கிடக்கிறது. இடம் மட்டும் சரி. ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட் இருக்கும் இடத்தில் வெள்ளி தேய்ந்து மங்கியிருக்கிறது.

மாஸ்டர் அந்தத் தேய்மானத்தை ரொம்ப நேரம் பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார், பனியன் நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.

“பஸ்ல வாசிப்பியா?”

“வரும்போது மாஸ்டர். போகும்போது தூங்கிடுவேன்.”

அவள் கையைத் தோலின்மேல் வைக்கிறாள். மாஸ்டர் மேஜையில் தட்டுகிறார். தகிட தக. தோலில் விரல் விழும் சத்தம் மெத்தென்று கேட்கிறது. கார்டு கிடையாது, சுருதி கிடையாது. மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. தப்பான கட்டை விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் கை கொஞ்சம் தளர்கிறது. தோள் இறங்குகிறது. தரையில் பாதம் முதல் தட்டுக்கு மட்டும் அழுந்தி மற்ற நான்குக்கும் சும்மா இருக்கிறது.

மாஸ்டர் தட்டுவதை நிறுத்துகிறார். அவள் நிறுத்தவில்லை. தகிட தக தொடர்கிறது.

கரண்ட் வருகிறது. ஃபேன், டியூப்லைட், பக்கத்து வீட்டு டிவி. கீபோர்டின் திரை ஒளிர்கிறது. மாஸ்டர் டோனைத் திரும்பப் பியானோவுக்குக் கொண்டுவருகிறார். டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்கிறாள்.

வாசிக்கிறாள். ஒரு பார். இரண்டு. நாலு. கட்டைவிரல் கறுப்பில் நிற்கிறது. ஆறாவது தட்டு வரவில்லை.

மாஸ்டர் தன் நாற்காலியை இழுத்து அவள் வலப்பக்கம் போட்டுக்கொள்கிறார். கீபோர்டின் மேல் பாதியில் அவருடைய வலது கை. கொஞ்சம் காத்திருந்து மெட்டை உள்ளே விடுகிறார். மெதுவான மெட்டு. சாக்ஸபோனுக்கு எழுதியதை வளைந்த சுண்டுவிரலோடு வாசிக்கிறார். அவள் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்த உடனே இடது கை தப்புகிறது.

“என்னைப் பாக்காத. நீ உன் வேலையப் பாரு.”

மறுபடி.

எட்டு பார் முடிகிறது. திரும்ப முதலிலிருந்து எட்டு. மெட்டு போகிற இடமெல்லாம் போகிறது. இடது கை போவதில்லை. இரண்டே கார்டு, மூன்றும் இரண்டும்.

இசைத்தட்டிலும் அதுதான் நடக்கிறது. சாக்ஸபோன் தனியாக வாசிக்கிறது. பிறகு டிரம்ஸ் தனியாக வாசிக்கிறது. ப்ரூபெக் அதில் தனி வாசிப்பதில்லை. குழுவே அவர் பெயரில் இருக்கிறது. மற்றவர்கள் தனி வாசிக்கும் நேரமெல்லாம் அவர் இந்த இரண்டு கார்டை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மொரெல்லோ தட்டை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சிதறடிக்கும்போது, ஐந்து எங்கே தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது அந்தப் பியானோ. அது நின்றால் பாட்டு விழுந்துவிடும். கற்றுக்குட்டிக்குக் கொடுக்கிற பாடமும் உலகம் கேட்ட வாசிப்பும் இந்தப் பாட்டில் ஒன்றே. இப்படி அமைகிற பாட்டுகள் அதிகமில்லை.

கைப்பைக்குள் போன் அடிக்கிறது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்கிறது. மறுபடி அடிக்கிறது. வலது கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே வைக்கிறாள்.

“வர்றேம்மா. பத்து நிமிஷம். இல்ல, சாப்பிடல.”

இடது கை நின்றிருக்கவில்லை. மாஸ்டர் அதைக் கவனிக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மெட்ரோனோமை 60-லிருந்து 66-க்கு ஏற்றுகிறார்.

அவள் போனை வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறாள். துரத்துகிறாள். இரண்டாவது பாரில் பிடித்துவிடுகிறாள்.

மணி ஒன்பதை நெருங்குகிறது. நோட்டுப் புத்தகத்தில் மாஸ்டர் பென்சிலால் எழுதுகிறார்: இடது கை, 66, பெடல் இல்லாமல். கீழே ஒரு கோடு. அதற்கும் கீழே நடுப்பகுதியின் கார்டுகள். அங்கே இரண்டு கார்டு போதாது. பாருக்குப் பார் மாறுகிறது, புது ஃபிளாட்டுகள் வருகின்றன. அவள் அந்த வரிசையைப் படித்துப் பார்க்கிறாள். உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

“இது எப்ப மாஸ்டர்?”

“தகிட தக தூக்கத்துலயும் வரட்டும். அப்புறம்.”

தோல் துண்டை ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டுகிறாள். அதற்குமுன் சில்வர் பேனாவால் மூன்று கட்டைகளுக்கும் புதிதாக ஒரு பூச்சு.

பதிவில் அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 170 தட்டுக்கு மேல். அவள் 66-ல் இருக்கிறாள். 170-க்கு இன்னும் பல மாதம் ஆகும். இந்த மாதத்துக் கட்டணத்தை ஒன்றாம் தேதியே கட்டிவிட்டாள்.